படத்தோட இடது மூலை

எங்க எதிர்வீட்டக்காவை கல்யாண வீடியோ பாக்க மட்டும் யாரும் கூப்பிட மாட்டாங்க. வளைகாப்புக்குக் கூப்பிடுவாங்க, கொலுவுக்குக் கூப்பிடுவாங்க, கேஸ் சிலிண்டர் மாட்டத் தெரியலைன்னாகூட அவங்க வீட்டு பெல்லைத்தான் அடிப்பாங்க. ஆனா ஆல்பத்தையோ பென்டிரைவையோ கையில எடுத்தா கதவைச் சாத்திக்குவாங்க. ஏன்னா எல்லாரும் மாப்பிள்ளையையும் பொண்ணையும் பாத்துக்கிட்டிருக்கும்போது, அக்காவோட கண்ணு மட்டும் படத்தோட ஓரத்துல இருக்கும்.

நான் ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்த புதுசு, எனக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. எங்க ஊர் முசிறி, அப்பாவுக்கு வாழைத்தோட்டம். எனக்குத் தென்னூர்ல ஒரு டைல்ஸ் கடையில வேலை. தம்பி பிரபு துவாக்குடி பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சான். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலைன்னு அவன் மூக்கால அழுததுல, கொள்ளிடக் கரைக்குப் பக்கமா ஒரு அபார்ட்மெண்ட்ல ரெண்டு பேருக்குமா வீடு எடுத்தோம். கிளம்பும்போது அம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அவன் ஒரு வேகத்துல போறவன், நீதான் பாத்துக்கணும்"னாங்க. அதையே போன்லயும் தினம் சொல்லுவாங்க. அவனுக்கு மீசை முளைச்சுப் பல வருஷம் ஆச்சு, ஆனா அம்மாவுக்கு அது தெரியாது.

விவரம் தெரியாம நான்தான் ஒருநாள் எங்க சித்தப்பா பொண்ணு கல்யாண வீடியோவைப் போட்டு அக்காவை உக்கார வச்சேன். நகையைப் பாருங்க, மேடை அலங்காரத்தைப் பாருங்கன்னு நான் பெருமையடிச்சுக்கிட்டிருக்கேன், அவங்க பந்தியில கடைசி இலையையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அந்தப் பச்சைச் சட்டைக்காரர் யாருன்னு கேட்டாங்க. எங்க பெரியப்பா. "எல்லாரும் எந்திரிச்சாச்சு, அவரு இலையில எதையும் தொடவே இல்லையே"ன்னாங்க. எனக்குத் திக்குன்னுச்சு. பாகம் பிரிச்சதுலேருந்து பெரியப்பாகிட்ட எங்க வீட்டுல யாரும் முகங்கொடுத்துப் பேசுறதில்ல. கல்யாணத்துக்கு வந்தாரு, மொய் எழுதுனாரு, பட்டினியாத் திரும்பிப் போயிருக்காரு. அத்தனை பேர் இருந்தோம், ஒருத்தர் கண்ணுலயும் படல. அன்னைக்கே நான் அவருக்குப் போன் பண்ணிப் பேசினேன், பாவம், மனுஷன் தழுதழுத்துட்டாரு.

இது நல்லதா முடிஞ்ச கதை. ரெண்டாவது மாடிக் கதை அப்படி முடியல. அவங்க பொண்ணு கல்யாணம் முடிஞ்ச கையோட வீடியோ வந்துச்சு, ஹால் நிறைய ஆளு. அக்கா எதையும் மனசுல வச்சுக்கிட்டுக் கேக்கல, சும்மாதான், மாப்பிள்ளையோட அண்ணன் ஏன் கடைசி வரைக்கும் மேடை ஏறலைன்னு கேட்டுட்டாங்க. அந்த வீட்டம்மா முகம் செத்துப்போச்சு. விசாரிச்சா, அண்ணன் தம்பிக்குள்ள கோர்ட் வரைக்கும் போன சண்டை, அதை மறைச்சுத்தான் மாப்பிள்ளை வீட்டுல சம்பந்தமே பேசியிருக்காங்க. அப்புறம் அந்த வீட்டுல ஒரே ரகளை. மறைச்சவங்களை விட்டுட்டு, கண்ணுல பட்டதைக் கேட்டவங்களைத்தான் எல்லாரும் கரிச்சுக்கொட்டினாங்க. அதுலேருந்து அந்தம்மா லிஃப்ட்ல அக்கா இருந்தா ஏற மாட்டாங்க, மூட்டுவலியோட படியேறிப் போவாங்க.

அக்கா சொன்னது தப்பாப் போனதும் உண்டு. ஒரு சாயங்காலம் கீழ வாட்ச்மேன் ரூம்ல இருக்கிற கேமரா டிவியில, சைக்கிள் நிறுத்துற இடத்துக்குப் பின்னாடி யாரோ குந்தியிருக்கிறதாச் சொல்லி, மொத்த அபார்ட்மெண்டையும் கீழ இறக்கிட்டாங்க. முதல் மாடி சார் கையில கிரிக்கெட் மட்டை, வாட்ச்மேன் கையில விளக்குமாறு. போய்ப் பாத்தா மோட்டாருக்கு மூடியிருந்த தார்ப்பாய். அதுக்கப்புறம் அக்கா எதைச் சொன்னாலும், "தார்ப்பாயா இருக்கப் போவுதுக்கா"ன்னு யாராவது ஒருத்தர் சொல்லுவாங்க, சின்னப் பசங்க உட்பட. அவங்களும் கூடச் சேர்ந்து சிரிப்பாங்க. ஆனா சிரிக்கும்போதும் கண்ணு உங்க தோளுக்குப் பின்னாடி எங்கேயோ போயிட்டு வரும்.

கோயிலுக்குப் போனாலும் அதே கதைதான். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துல பெருமாள் வர்றாருன்னு அத்தனை பேரும் எம்பி எம்பிப் பாக்கிறோம், அக்காவைக் காணோம். தேடினா, சுவரோரமா நசுங்கிக்கிட்டிருந்த ஒரு வயசான அம்மாவை முழங்கையால இடம் பண்ணி வெளியே இழுத்துட்டு வர்றாங்க. தரிசனம் போச்சேக்கான்னேன். "அவரு எங்க போயிடப் போறாரு, அப்புறம் பாத்துக்கலாம்"னாங்க. அதைச் சொல்லும்போதும் என்னைப் பாத்துச் சொல்லல.

இப்ப அந்தப் படத்துக்கு வர்றேன்.

பிரபுவும் அவன் கூட்டாளி ரியாஸும் சேர்ந்து காலேஜ் குறும்படப் போட்டிக்கு ஒரு படம் எடுத்தாங்க. கொள்ளிடத்து மணல்ல புதைஞ்சு கிடந்த ஒரு செல்போன் யாருக்கோ கிடைக்குது. சார்ஜ் போட்டுப் பாத்தா, ஆத்துக்கு வந்த பசங்க எடுத்த வீடியோ உள்ள இருக்கு. அந்த வீடியோதான் மொத்தப் படமும். அதனால கேமரா ஒரு இடத்துல நிக்கக் கூடாதாம், ஓடணுமாம், ஆடணுமாம், பாதி நேரம் தரையைக் காட்டணுமாம், அப்பத்தான் நெசமாட்டம் இருக்குமாம். ஒரு மிருகம் வந்து பசங்களை ஒவ்வொருத்தனா இழுத்துட்டுப் போவுது. மிருகம்னா என்ன, லாரி டியூப், தேங்காநார், கறுப்பு பெயிண்ட். எங்க பால்கனியில வச்சுத்தான் செஞ்சானுங்க, என் துணி காயப்போடுற கொடியெல்லாம் பெயிண்ட். அதை ரியாஸ் முதுகுல மாட்டிக்கிட்டுத் தவழுவான்.

எடிட் பண்ணி முடிச்சதும், ஜனங்க எப்படிப் பயப்படுறாங்கன்னு பாக்கணும்னு பிரபு ஆசைப்பட்டான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அபார்ட்மெண்டையே எங்க ஹாலுக்கு வரச் சொல்லிட்டான். நான் வாழைக்கா பஜ்ஜி போட்டேன். படத்தை விட பஜ்ஜி நல்லா ஓடுச்சு.

ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே முதல் மாடி சார் தலை சுத்துதுன்னு எலுமிச்சம்பழம் கேட்டாரு. கேமராவை ஒரு ஸ்டாண்டுல வச்சு எடுத்திருக்கலாமேன்னு வேற யோசனை சொன்னாரு. மணல்ல புதைஞ்ச போன் எப்படி ஆன் ஆச்சுன்னு ஒருத்தர். பாட்டு எப்ப வரும்னு ஒரு குழந்தை. ரெண்டாவது மாடி அம்மாவும் வந்திருந்தாங்க, அக்கா இருந்த பக்கத்துக்கு நேரெதிரா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிட்டாங்க. மிருகம் வந்துச்சு. ஹாலே அமைதியாச்சு, பிரபு மூச்சைப் புடிச்சுக்கிட்டு எங்க முகத்தையெல்லாம் பாக்குறான். அப்பப் பாத்து ஒரு பொடிசு, ரியாஸண்ணா செருப்பு தெரியுதுன்னு கத்துச்சு. அவ்வளவுதான், வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், அடக்க முடியல. பிரபு முகம் சுண்டிப்போச்சு.

சிரிக்காம இருந்தது அக்கா மட்டும்தான். கையில எடுத்த பஜ்ஜி அப்படியே இருந்துச்சு.

படம் முடிஞ்சதும் ஆளாளுக்கு யோசனை. மிருகம் தரையில தவழ்ந்தா நாய்க்குட்டி மாதிரி இருக்கு, தண்ணிக்குள்ளேருந்து வந்தாத்தான் பயமா இருக்கும்னு முதல் மாடி சார் சொன்னதைப் பிரபு கெட்டியாப் புடிச்சுக்கிட்டான். படத்தை மறுநாள் சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். காலையில விடிஞ்சதும் அதே இடத்துக்குப் போறது. அங்க ஒரு மடு இருக்கு, ஆழம். அவன் கழுத்தளவு இறங்கி போனை மேல தூக்கிப் புடிச்சுக்குவான், ரியாஸ் அடியிலேருந்து காலைப் புடிச்சு இழுப்பான். அப்படியே முடிவாச்சு, எல்லாரும் தலையாட்டினாங்க.

"தம்பி, அந்தக் கோரைப் புல்லுகிட்ட வர்றதை இன்னொரு தடவை போடுறியா?"

அக்காதான். பிரபு போட்டான். அவங்க எந்திரிச்சு டிவிகிட்டயே போயி, இடது பக்கம் கீழ்மூலையில விரலை வச்சாங்க. கோரைக்குள்ள கறுப்பா நீளமா ஒண்ணு கிடந்துச்சு. கட்டைன்னா கட்டை, பாறைன்னா பாறை. அக்கா மெதுவா, முதலை மாதிரி இருக்குன்னாங்க.

அப்புறம் கேக்கணுமா. ரெண்டாவது மாடி அம்மா நேரம் பாத்துத் தார்ப்பாயை ஞாபகப்படுத்தினாங்க. முதல் மாடி சார், இந்த ஊர்ல முதலைன்னா சித்ரா பௌர்ணமிக்கு அம்மா மண்டபத்துல கஜேந்திர மோட்சத்துல யானை காலைப் புடிக்குமே அதுதான், வேற கிடையாதுன்னாரு. அது அசையுதுன்னு அக்கா சொன்னாங்க. கேமராதானேக்கா ஆடுது, எல்லாமேதான் அசையும்னு பிரபு சொன்னான். அதுவும் வாஸ்தவம்தான். அந்தப் படத்துல ஆத்தங்கரையே அசைஞ்சுது, ஆகாசமே அசைஞ்சுது. கடைசியா அவனே சமாதானம் சொன்னான், அது எங்க பொம்மைதான்க்கா, நனைஞ்சுபோச்சுன்னு கோரையில காயப்போட்டிருந்தோம்னு. அப்பாடான்னு எல்லாரும் எந்திரிச்சுப் போனாங்க. அக்காவும் போயிட்டாங்க. எனக்கும் மனசு லேசாச்சு.

ராத்திரி பிரபு ஒரு பையில துண்டும் மாத்துத்துணியும் எடுத்து வச்சுக்கிட்டிருந்தான், ரியாஸ் டியூபுக்குக் காத்தடிச்சுக்கிட்டிருந்தான். நான் தோசைக்கல்லை அடுப்புல வச்சிருந்தேன். பெல் அடிச்சுது. அக்கா உள்ள வந்தாங்க, உக்காரல.

"தம்பி, அந்த மாதிரி பொம்மை நீங்க எத்தனை செஞ்சீங்க?"

"ஒண்ணுதான்க்கா."

"அந்தக் கோரைகிட்ட வரும்போது ரியாஸ் முன்னாடி தவழ்ந்துக்கிட்டிருக்கான். அப்ப அவன் முதுகுல இருந்தது எது?"

ரியாஸ் காத்தடிக்கிறதை நிறுத்திட்டான். பிரபு லேப்டாப்பைத் திறந்து அந்த இடத்தை ஓட்டினான். முன்னாடி ரியாஸ், முதுகுல டியூப்பு, கால்ல அந்தப் பாழாப்போன செருப்பு. பின்னாடி கோரையில அது. ரெண்டும் ஒரே படத்துல. எல்லாரும் செருப்பைப் பாத்துச் சிரிச்ச அதே இடம்.

ஆனா என் தம்பி லேசுல விடுற ஆளா. கட்டையா இருக்கும்னான். அப்புறம் கோவம் வந்துருச்சு அவனுக்கு. நாளைக்கு விட்டா படத்தைக் குப்பையிலதான் போடணும், ஒரு வருஷமா இதுக்குத்தான் நாயா அலைஞ்சேன், நீங்க எதைப் பாத்தாலும் இப்படித்தான் சொல்லுவீங்கன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டான். எனக்கு அவனை ஓங்கி ஒண்ணு வைக்கணும் போல இருந்துச்சு. வச்சா மட்டும் போகாம இருக்கப்போறானா. விடியிறதுக்கு முன்னாடி என்னை எழுப்பாமலே கிளம்பிடுவான். அது எனக்கு நல்லாத் தெரியும்.

அக்கா அப்பத்தான் உக்காந்தாங்க. என்னைப் பாக்கல, தோளுக்குப் பின்னாடி எங்கேயும் பாக்கல, நேரா அவன் கண்ணைப் பாத்தாங்க. அவங்க அப்படிப் பாத்து நான் பாத்ததே இல்ல.

அவங்க தங்கச்சி கல்யாணம் லால்குடியில ஒரு மண்டபத்துல நடந்துச்சாம். தாலி கட்டுற நேரம், கெட்டிமேளம், எல்லாரும் அட்சதையோட மேடையைப் பாத்து நிக்கிறாங்க. இவங்க முன்வரிசையில. சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனப்பத்தான் தாரை வாத்துக் குடுத்துட்டு மேடையை விட்டு இறங்கின அவங்கப்பா, தூண் பக்கத்து நாற்காலியில சாஞ்சு கிடந்தது தெரிஞ்சுதாம். தூங்குறாருன்னு நெனச்சு எழுப்பியிருக்காங்க. ரொம்ப நாள் கழிச்சு வீடியோ வந்துச்சு.

"மூலையில எங்கப்பா இருக்காரு தம்பி. ஒரு கையால நெஞ்சைப் புடிச்சிருக்காரு, இன்னொரு கையை ஆட்டி என்னைக் கூப்பிடுறாரு. ரொம்ப நேரம் கூப்பிடுறாரு. கேமராகூடப் பாத்திருக்கு. நான் பாக்கல."

தோசைக்கல்லு காஞ்சு புகையிறது அப்பத்தான் எனக்கு உறைச்சுது, போய் அடுப்பை அணைச்சேன். திரும்பி வந்தப்ப அக்கா எந்திரிச்சு நின்னுக்கிட்டிருந்தாங்க. "போகாதேன்னு சொல்றதுக்கு நான் யாரு, ஆனா நானும் கூட வர்றேன், மேலயிருந்து ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் இறங்கு"ன்னாங்க. பிரபு தலையைக் குனிஞ்சுக்கிட்டு சரின்னான்.

காலையில நாலு பேரும் போனோம். நான் கடைக்கு லீவு சொல்லிட்டேன். கரைமேட்டுல நின்னா கீழ மடு தெரியும். ஒரு சத்தமும் இல்ல, எதிர்க்கரையில யாரோ மாட்டை ஓட்டுறது மட்டும் கேட்டுச்சு. பிரபு போன்ல அந்தப் படத்தை நிறுத்தி வச்சு, கோரையை அடையாளம் பாத்தான். அதே கோரை, அதே சாஞ்ச கருவேலமரம். கட்டையைக் காணோம். கட்டை கிடந்த இடத்துலேருந்து தண்ணி வரைக்கும், நெல்லு மூட்டையை இழுத்துட்டுப் போன மாதிரி மணல்ல ஒரு தடம். ரெண்டு பக்கமும் விரல் பதிஞ்சிருந்துச்சு.

நாய் இழுத்துட்டுப் போயிருக்கும்னு பிரபு சொன்னான், ஆனா குரல்ல சத்து இல்ல. சொல்லிக்கிட்டே ஒரு அடி கீழ இறங்கினான். அக்கா பின்னாடியிலேருந்து அவன் சட்டையைக் கொத்தாப் புடிச்சாங்க. தண்ணியைக் காட்டினாங்க. நடுவுல ஒரு கட்டை மிதந்துச்சு. ஆத்துல வந்த இலை தழையெல்லாம் மெதுவா அதைத் தாண்டிப் போயிக்கிட்டிருக்கு, அது மட்டும் போகல. இருந்த இடத்துலயே இருந்துச்சு. நாங்க பாக்கப் பாக்க, ஒரு சொட்டுத் தண்ணி தெறிக்காம உள்ள போயிருச்சு.

யா அல்லாஹ்ன்னு ரியாஸ் மணல்லயே உக்காந்துட்டான். நான் பிரபுவைப் புடிச்சுக்கிட்டு அழுதேன், வெக்கமே இல்லாம. அந்த மடுவுல கழுத்தளவு நிக்கப்போனவன் அவன். அடியிலேருந்து யாராவது காலைப் புடிச்சு இழுத்தா, ரியாஸ்தான்னு சிரிச்சுக்கிட்டே போனைத் தூக்கிப் புடிச்சிருப்பான். கேமரா நல்லா ஆடியிருக்கும், படம் நெசமாட்டம் இருந்திருக்கும்.

மேட்டுமேல, தண்ணியை விட்டு ரொம்பத் தள்ளி, அவசர அவசரமா ஒரு கடைசி சீன் எடுத்தாங்க. போனை நான் புடிச்சுக்கிட்டேன், பசங்க ரெண்டு பேரும் மூச்சிரைக்க ஓடி வந்து கேமராவைப் பாத்து அலறுவாங்க, அவ்வளவுதான். பயந்து நடிங்கடான்னு யாரும் சொல்ல வேண்டியிருக்கல. அப்புறம் வனத்துறைக்கு ரியாஸ் தகவல் சொன்னான், ஆளுங்க வந்து பாத்துட்டு எச்சரிக்கைப் பலகை வச்சுட்டுப் போனாங்க. போட்டியில படத்துக்கு ஒண்ணும் கிடைக்கல. அடுத்த வருஷமே அக்கா வீட்டுக்காரருக்கு மாத்தல் வந்து குடும்பத்தோட வடக்க போயிட்டாங்க. கொஞ்ச நாள் பேசிக்கிட்டிருந்தோம், அப்புறம் நம்பர் மாறிப்போச்சு. வீட்டுல ஆயிரம் போட்டோ இருக்கு, ஒண்ணுலகூட அவங்க முகம் நேராத் தெரியாது. எல்லாத்துலயும் வேற எங்கேயோ பாத்துக்கிட்டிருப்பாங்க.

படத்தைப் பிரபு இன்டர்நெட்ல போட்டு வச்சிருக்கான். மனசு சரியில்லாதப்ப நான் அதுக்குக் கீழ ஜனங்க கமெண்ட்ல எழுதியிருக்கிறதைப் படிப்பேன். மிருகம் டியூப் மாதிரி இருக்குன்னு கண்டுபுடிச்சவங்க நிறையப் பேர். கோரையில கிடக்கிற முதலை கிராபிக்ஸ் படு மட்டம்னு ஒருத்தர் திட்டியிருக்காரு. அந்தக் கடைசி சீனைப் பத்தியும் ஒருத்தர் கேட்டிருக்காரு. அதுல பசங்க ரெண்டு பேரும் கேமராவைப் பாத்து அலறுவாங்க, இடது ஓரத்துல ஒரு பொம்பளை முதுகைக் காட்டிக்கிட்டு, கண்ணெடுக்காம ஆத்தையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. வெட்டி எறிடான்னு ரியாஸே எவ்வளவோ சொன்னான், பிரபு கேக்கல.

படத்துலயே பயமா இருக்கிறது அந்தம்மா நிக்கிறதுதான், யாரு அவங்கன்னு கேட்டிருக்காரு அந்த ஆளு. அதுக்கு மட்டும் என் தம்பி பதில் போட்டிருக்கான்.

"எங்க எதிர்வீட்டக்கா. என்னைப் பாத்துக்க வந்தாங்க."